அந்தத் தெருவில் நாய் இருக்கிறது

இந்த முறை சென்னைக்குக் கிளம்பும்போதே, புனேக்குத் திரும்ப இரண்டு டிக்கெட் போட்டுக்கொண்டுதான் வந்தேன். ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு. அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. நான் ஒரே பெண். சாந்தோம் வீட்டில் அம்மா தனியாக டிவியைப் பார்த்துக்கொண்டு, ஒரு கரண்டி சோற்றைக் கொறித்துக்கொண்டு கிடக்கிறாள் என்று நினைத்தாலே எனக்கு ஆபீஸில் வேலை ஓடாது. போனில் கூப்பிட்டபோதெல்லாம் "பாக்கலாம், பாக்கலாம்" என்றாள். அம்மா பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது தெரிந்தும்தான் டிக்கெட் போட்டேன். என் பிடிவாதம் அப்படி.

வந்த அன்றே அம்மாவை தி.நகருக்கு இழுத்துக்கொண்டு போய், சக்கரம் வைத்த பெரிய நீலப் பெட்டி ஒன்று வாங்கினேன். அம்மா அதை ஒரு மாதிரி பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பனகல் பார்க் பக்கம் ஒரு டீக்கடையைப் பார்த்ததும், "வா, ஆளுக்கு ஒரு டீ அடிக்கலாம்" என்றேன்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பத்தாவது படிக்கும்போது, ஸ்கூல் விட்டு வரும் வழியில் ஒரு டீக்கடை வாசலில் சமோசாவுக்காக நின்றேன். நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா அப்போது டீச்சர். கேட்க வேண்டுமா? "பொம்பளப் பிள்ளைக்கு டீக்கடை வாசல்ல என்னடி வேலை?" என்று ஆரம்பித்தவள் ராத்திரி ஜெபம் வரைக்கும் நிறுத்தவில்லை. அதற்கப்புறம் இந்த ஊரில் நான் டீக்கடைப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. புனேயில் ஆபீஸ் வாசலில் தினமும் நின்று குடிக்கிறேன், சொந்த ஊரில் முடியவில்லை! அதனால் இந்தத் தடவை மைலாப்பூர், அடையாறு, சைதாப்பேட்டை என்று ஒரு கடை விடாமல், அதுவும் தடை போட்ட அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குடிப்பது என்று முடிவு. பழி தீர்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊரை விட்டுப் போகுமுன் பாவம் அம்மாவும் இதையெல்லாம் ஒரு தடவை பார்க்கட்டும் என்ற பெருந்தன்மை வேறு.

முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை. கிளாஸை விளிம்பில் பிடித்து ஊதி, ஒரு வாய் குடித்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"டிகாஷன் காலைல போட்டது. அதையே திரும்பத் திரும்பக் கொதிக்க விட்டிருக்கான்."

டீச்சர் புத்தி, எதிலும் தப்பு கண்டுபிடிக்கும் என்று சிரித்துக்கொண்டேன். மறுநாள் அடையாறு பஸ் டிப்போ பக்கம். "சக்கரையைப் போட்டுட்டு ஆத்தாமயே நீட்டறான் பாரு" என்றாள். மைலாப்பூரில் பால் சரியில்லை. சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு கடையில்தான் "பரவால்ல" என்று சொல்லிவிட்டு, மாஸ்டரிடம் "நனைச்சுத் திங்க பொறை இருக்காப்பா?" என்று கேட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மரமண்டை, உறைக்கவில்லை.

ஒவ்வொரு டீக்கும் நடுவில் நான் புனே புராணம் பாடினேன். லிஃப்ட் இருக்கிறது, பார்க் இருக்கிறது, சர்ச்சில் மாதம் ஒரு தடவை தமிழ்ப் பூசைகூட இருக்கிறது. அம்மா முன்பு ஒரு தடவை வந்து தங்கியவள்தான்.

"உன் பதினோராவது மாடியிலேர்ந்து பாத்தா மனுஷங்க உச்சந்தலைதான்டி தெரியுது. மூஞ்சி தெரிய மாட்டேங்குது" என்றாள்.

"கீழ இறங்கிப் பாரு, தெரியும்!" என்று நானும் விடவில்லை.

"பாக்கலாம்" என்றாள்.

இன்னொரு கூத்து. எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு நேராக ஒரு தெரு போகிறது. அதில் கால் வைக்கவே விடமாட்டேன் என்றாள். தினமும் சுற்றிக்கொண்டுதான் போனோம். ஏன் என்று கேட்டால், "அந்தத் தெருவுல நாய் இருக்கு. கடிக்கிற நாய். பேசாம வா."

புனேக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் திடீரென்று மழை. எழுந்து பார்த்தால் அம்மா பூசைக்குப் போயிருந்தாள், குடை ஆணியிலேயே தொங்கியது. எடுத்துக்கொண்டு ஓடினேன். கோயிலில் ஒருவர் மட்டும் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "பூசை அப்பவே முடிஞ்சுதேம்மா" என்றார். எனக்குப் பக்கென்றது. எங்கேயாவது வழுக்கி விழுந்துவிட்டாளா? நாயாவது பேயாவது என்று அந்தக் குறுக்குத் தெருவிலேயே திரும்பினேன்.

நாய் இருந்தது, பொய் இல்லை. ஒரு டீக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே, பெஞ்சடியில் படுத்திருந்தது. அதன் தலை என் அம்மாவின் பாதத்தின்மேல் இருந்தது.

மாதாவே! ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் நாய் தின்றது போக மிச்சமிருந்த பொறை. பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு பெண்மணி. எதிரில் காக்கிச் சட்டையில் ஒரு ஆட்டோக்காரர். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"பேச்ச மாத்தாத டீச்சர்" என்றார் ஆட்டோக்காரர். "நாளைக்கு போறியா, இல்லியா?"

"நாலு நாளா வந்த கையோட ஓடிப்புடுது" என்றார் மீன்காரம்மா. "பொண்ணு கூட ஊரெல்லாம் சுத்திக்கினு கீது. இன்னா முடிவுன்னு சொல்லு டீச்சர், ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல எனக்கு."

"அவ டிக்கெட் எடுத்துட்டா. பெட்டிகூட வாங்கிட்டா" என்றாள் அம்மா. "ஆசையா கூப்பிடற பிள்ளைகிட்ட எப்படிடா வரலன்னு சொல்றது? இங்கேர்ந்து எப்படிடா போறது?"

கையில் குடையை வைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி நின்றேன். அழுகை வந்தது. அதைவிடப் பொறாமை வந்தது. என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாததை யாரோ ஒரு ஆட்டோக்காரரிடம் சொல்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. அப்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார். "டீச்சர், பின்னாடி..."

அம்மா துள்ளி எழுந்தாள். கிளாஸைச் சேலை மறைவில் கொண்டுபோனாள். நாய் முறைத்தது. பத்தாவது படித்தபோது சமோசாவுக்காக மாட்டிய என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். விடுவேனா?

"பொம்பளப் பிள்ளைக்கு டீக்கடை வாசல்ல என்னம்மா வேலை?"

மீன்காரம்மா சிரித்த சிரிப்பில் கூடை கவிழப் பார்த்தது. "சனியனே, உள்ள வாடி, நனையற" என்று அம்மா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

மாஸ்டர் ஒரு கிளாஸை நீட்டினார். குடித்தேன். திக்காக, சூடாக, நாக்கில் நின்றது. இதைக் குடித்த வாய்க்கு அடையாறு எப்படிப் பிடிக்கும்!

கதை அப்போதுதான் வெளியே வந்தது. அப்பா போன புதிதில், பூசை முடிந்து வரும்போது அம்மாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. மீன்காரம்மாதான் பிடித்து உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து தினமும் இந்த பெஞ்சு.

"ஒரு நாள் காய்ச்சல்ல வரல. இவன் வந்து கதவை உடைக்காத குறையா தட்டிட்டான்" என்று ஆட்டோக்காரரைக் காட்டினாள்.

"எங்கிட்ட ஏம்மா மறைச்ச?"

"உன்னை அன்னிக்கு அந்தப் பேச்சு பேசிட்டு, இன்னிக்கு நானே வந்து உக்காந்திருக்கேன்னா நீ சும்மா விடுவியா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். இப்படி ஒரு கூட்டத்தை விட்டு அம்மாவைப் பதினோராவது மாடிக்குக் கொண்டுபோய் நான் என்ன செய்யப் போகிறேன்? என்னைக் காணவில்லை என்று வந்து கதவைத் தட்ட புனேயில் எனக்கே ஆள் கிடையாது.

"உன் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேம்மா" என்றேன்.

அம்மா வாய்விட்டு அழுதாள். அப்பாவின் அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. ஆட்டோக்காரர் அடுத்த ரவுண்டு சொன்னார்.

மறுநாள் அவருடைய ஆட்டோவில்தான் ஏர்போர்ட் போனேன். மீன்காரம்மா கொடுத்த கருவாடு, மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கிய டீத்தூள், அம்மா போட்ட ஊறுகாய் எல்லாம் நீலப் பெட்டியில் ஏறியிருந்தன. கூடவே வந்த அம்மா வாசலில் என் நெற்றியில் சிலுவை போட்டாள்.

"கிறிஸ்மஸுக்கு வரேம்மா. காலைல வர ஃப்ளைட்டா பாத்து போடறேன்."

"காலைலன்னா வீட்டுக்குப் போகாத, பூட்டியிருக்கும்" என்றாள். "நேரா கடைக்கு வந்துடு."