பாதத்துக்கு ஏது கையுறை

மலேசியாவின் கிள்ளானிலுள்ள கையுறைத் தொழிற்சாலையில் விஷ்ணுப்ரியாவுக்குப் பதினோரு வருஷம். காற்றடித்துக் கையுறையில் ஓட்டை பார்க்கும் வேலை. அங்கே கை அரிப்பது யாருக்கும் புதிதில்லை. எட்டாம் மாத வயிற்றோடு அவள் உள்ளங்கையைச் சொறிந்தபோது பக்கத்து மேசை ஹலீமா சிரித்தாள்.

"இங்க கை அரிக்கலேன்னாதான் அதிசயம் லா. கிரீம் பூசு."

பூசினாள். நிற்கவில்லை. பிறகு பாதங்களும் அரித்தன. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. மீன் லோரி ஓட்டும் கணவன் தனேஷ் ஐஸ் கொண்டுவந்து வாளியில் கொட்டினான். கால் மரத்துக் கிடக்கும் வரைக்கும்தான் நிம்மதி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் பிள்ளையைச் சுமந்தபோதும் இப்படித்தான் அரித்தது. அந்த ஆண் குழந்தை முப்பத்தேழாம் வாரத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்திக்கொண்டது. அரிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இந்த முறை கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி மலர், "கை ஏன்க்கா இப்படிப் புண்ணாயிருக்கு?" என்றாள்.

"கிளவ்ஸ், மிஸ்ஸி. ஃபேக்டரி."

மலர் குனிந்து பார்த்தாள். "காலுக்கு எந்த கிளவ்ஸ் போட்டீங்க?"



இரத்தம் எடுத்தார்கள். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள். கல்லீரலிலிருந்து இறங்கவேண்டிய பித்தம் இரத்தத்தில் ஏறியிருக்கிறது, பிரசவமானால் தாய்க்குச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். குழந்தையின் இதயம்தான் சொல்லாமல் நின்றுவிடலாம். இன்றே பிரசவ வலி வர மருந்து வைக்கவேண்டும்.

"மொதப் பிள்ளைக்கும் அரிச்சிச்சு டாக்டர்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அப்ப சொன்னீங்களா?"

"கிளவ்ஸுன்னு நெனச்சேன்."

வயிற்றில் பட்டை கட்டினார்கள். இயந்திரத்தில் குழந்தையின் இதயம் குதிரைபோல் ஓடியது. ஒலி தேயும்போதெல்லாம், "நிக்குதுங்க, மிஸ்ஸியக் கூப்பிடுங்க" என்று தனேஷின் கையைப் பிடித்தாள். நாலு தடவை கூப்பிட்டான். நாலு தடவையும் பட்டைதான் நழுவியிருந்தது. ஐந்தாம் தடவை வந்தவள் பட்டையைத் தொடவில்லை. ஆள் கூப்பிட்டுக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு அறுவை அறைக்கு ஓடினாள்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயோடு மூச்சு விட்டது.

மூன்றாம் நாள் அரிப்பு நின்றது.

"பாத்தியா, போயிருச்சு," என்று தனேஷ் சிரித்தான்.

அவள் உரிந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூத்தவன் போனப்பவும் இப்படித்தாங்க நின்னிருக்கும். அழுதுகிட்டே கெடந்தேன். கவனிக்கல."