கார்னெல் டிப்ஸ் மாட்டேன் என்று சொன்ன வியாழக்கிழமை

கார்னெல் டிப்ஸுக்கு உலகத்தில் வேறு எதற்கும் பயமில்லை, டாக்டர்களைத் தவிர. ஆறரை அடி உயரக் கூடைப்பந்து ஆட்டக்காரன். எதிரணியில் மலை மாதிரி ஒருவன் மோத வந்தால் நெஞ்சைக் கொடுத்து மறிப்பான். அதே ஆளை மேசைமேல் உட்காரவைத்து ஒரு டாக்டர் முழங்காலை மடக்கச் சொன்னால் முதுகெல்லாம் வேர்த்துவிடும். காரணம் இருந்தது. இடது முழங்காலுக்குள் எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. நவம்பரில் ஐம்பது மைல் தள்ளி ஒரு சிற்றூருக்குத் தனியாகப் போய்ப் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, படத்தைக் கார் டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். அணிக்குத் தெரியாது. அவன் மனைவி ரோஷெலுக்கும் தெரியாது.

மிஷிகனில் கார்த் தொழிற்சாலை மூடிய ஊர் ஒன்றில் பிறந்தவன். கல்லூரி முடிந்த வருடம், புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எந்த அணியும் அவன் பெயரை வாசிக்கவில்லை. இரண்டு வருடம் துருக்கியில் ஆடினான். பிறகு பத்து நாள் ஒப்பந்தம், அதற்குப் பிறகு இன்னொரு பத்து நாள், இப்படியே ஆறு அணிகள். நாலு முறை இன்னொரு ஆட்டக்காரனுக்குப் பதிலாக அவனை வேறு அணிக்கு மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருமுறை சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்ட பெண்தான் செய்தியைச் சொன்னாள். மகள் நயாவுக்குப் பத்து வயது, அதற்குள் ஆறு பள்ளிக்கூடம். இப்போதைய அணி இருக்கும் மினியாபொலிஸில்தான் முதல்முறையாக இரண்டாவது வருடமும் அதே வீட்டில் குளிர்காலத்தைப் பார்த்தார்கள்.

அவனுக்கு இந்தத் தடவை ஒரு வசதி. ஒரே அணியில் அடுத்தடுத்து ஓராண்டு ஒப்பந்தம் போட்டிருந்ததால், அவன் சம்மதம் இல்லாமல் யாரும் அவனை மாற்ற முடியாது. நட்சத்திர ஆட்டக்காரர்கள் கெஞ்சிக் கேட்டாலும் கிடைக்காத உரிமை, விதிப்புத்தகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து இந்தக் கடைசி பெஞ்சு ஆளின் மடியில் வந்து விழுந்திருந்தது.

பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணியோடு ஆள் மாற்றும் கெடு முடிகிறது. காலைப் பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சாமான் அறைக் கிழவர் ஓர்வில் வருடாவருடம் செய்வதுபோல் மாற்றப்படுகிறவர்கள் சாமான் கட்டுவதற்கான காலியான கறுப்புப் பைகளை வாசலருகே அடுக்கியிருந்தார். அந்தப் பைகளைப் பார்க்காமல் எல்லோரும் சுவர் ஓரமாகவே நடந்தார்கள்.

பதினொன்றரைக்கு கார்னெல் காரில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் கட்டிக்கொண்டிருந்தபோது அவனுடைய ஏஜென்ட் கில் கூப்பிட்டான்.

"டெக்சாஸ் டீம் ஒன்னக் கேக்குதுடா! நெஜமா! இங்க உன் சம்பளத்துல பத்துல ஒரு பங்க மாநிலம் புடுங்கிக்குது. அங்க மாநில வரியே கெடையாது. உள்ளூர்ல ஆடுற ஒவ்வொரு மேட்ச்சும் லாபம்."

"சீசன் முடிய ரெண்டு மாசம்தான் கெடக்கு. அதுல என்னத்த மிச்சம் புடிக்கப் போறேன்? வெளியூர் போனா அந்த ஊர்க்காரன் வேற வரி வெட்டிக்கறான்."

"ரெண்டு மாசத்த விடு. ஜூலைல ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து. விதிப்படி இப்பவே வாயத் தொறந்து சொல்லக் கூடாது, அதனால சொல்லல. ஆனா சொல்லிட்டாங்க. புரியுதா?"

முப்பத்து மூன்று வயதில் இரண்டு வருடம். அதுவும் வரியில்லாத ஊரில். கார்னெலுக்கு ஒரு கணம் மனசு துள்ளியது.

"நான் என்ன செய்யணும்?"

"ம்னு ஒரு வார்த்தை சொல்லு. ராத்திரி பிளேன். காலைல அவங்க டாக்டர் பாப்பாரு. எல்லாருக்கும் பண்றதுதான்."

கார்னெல் ஐஸ் பையை முழங்காலில் அழுத்தினான். டாக்டர் தட்டிப் பார்ப்பார், மடக்கிப் பார்ப்பார், படம் எடுப்பார். மாற்றம் ரத்தாகும். மாலைக்குள் நாடு முழுக்க டிவியில் அவன் முழங்கால் ஓடும். ஜூலையில் ஒருத்தனும் கூப்பிடமாட்டான். இங்கேயே இருந்தால் கதை வேறு. ஒரு ஆட்டத்துக்கு ஆறு நிமிடம், மிஞ்சினால் ஏழு. ஏப்ரல் வரைக்கும் அந்தக் கால் எப்படியும் தாங்கும். கோடையில் சத்தமில்லாமல் ஆபரேஷன் செய்துகொள்ளலாம்.

"மாட்டேன், கில்."

"என்னது?"

"நயா இப்பதான் ஒரு பள்ளிக்கூடத்துல ஒட்டியிருக்கா. மறுபடி புடுங்க முடியாது."

"பனி உன் மண்டைக்குள்ளயும் பூந்துடுச்சா? இன்னொரு தடவ யோசி!"

"யோசிச்சிட்டேன்."

பத்து நிமிடத்தில் அணி நிர்வாகி ஹாலிஸ் தானே கூப்பிட்டார். "குடும்பம்தான் முக்கியம், கார்னெல். மதிக்கிறேன்" என்றார். குரலில் அவசரம் தெரிந்தது. பிறகு ரோஷெல். கில் அவளுக்கு போன் போட்டுப் புலம்பியிருக்கிறான். "எங்களுக்காகவா வேணாம்னே?" என்று கேட்டவள் அழுதாள். அவன் ஆமாம் என்றான். பதினோரு வருடத்தில் அவளிடம் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான், அதற்குத்தான் அவள் நன்றியும் சொன்னாள்.

சாப்பாட்டு அறைக்கு அவன் போவதற்குள் செய்தி டிவிக்கு வந்துவிட்டது.

"பெரிசு டெக்சாஸ் வேணாம்னுடுச்சு! வரி கட்டலன்னா அதுக்குத் தூக்கம் வராது!" என்று டாரியஸ் கத்தினான். லூசியானாக்காரன், இருபத்தாறு வயது, அணியின் முதல் ஐவரில் ஒருவன். போன வருடம் காலில் சுளுக்கு விழுந்த கார்னெலை முதுகில் சுமந்து பஸ் ஏற்றியவன். "ஆளுநர் ஒனக்கு செலை வெப்பாரு, அண்ணே. பனியிலயே வெப்பாரு, செலவு கம்மி."

எல்லோரும் சிரித்தார்கள். கார்னெலும் சிரித்தான். சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்பது தெரிந்தும் கண் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை. டாரியஸ் போனில் ஒரு தொட்டில் படத்தைக் காட்டினான். அவன் மனைவி கெய்லாவுக்கு எட்டு மாதம். அவளுடைய அம்மா வீடு இரண்டு தெரு தள்ளி. அதனாலேயே போன கோடையில் ஃபுளோரிடா அதிகமாகத் தருகிறேன் என்றபோதும் இங்கேயே கையெழுத்துப் போட்டவன் அவன்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஹாலிஸ் வாசலில் வந்து நின்றார். கரண்டிச் சத்தம் நின்றுபோனது. கார்னெல் பையிலிருந்த கார் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். படத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களா? டிக்கியை யார் திறந்தது? ஹாலிஸின் கண் அவன்மேல் வந்தது, ஒரு நொடி நின்றது, தாண்டிப் போனது.

"டாரியஸ், ஒரு நிமிஷம் வாப்பா."

டாரியஸ் போனை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். திரையில் தொட்டில் அப்படியே இருந்தது. டெக்சாஸ் கேட்ட ஆள் கிடைக்கவில்லை. மையத்தில் ஆட அவர்கள் தரும் நெட்டையன் இந்த அணிக்குக் கட்டாயம் வேண்டும். பதிலுக்கு யாரையாவது தரவேண்டும். டாரியஸின் சம்மதத்தை யாரும் கேட்கத் தேவையில்லை.

வாசலில் ஓர்வில் சாமான் நிரப்பிய கறுப்புப் பையை நீட்ட, டாரியஸ் வாங்கிக்கொண்டான். கண் சிவந்திருந்தது. கார்னெலைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிப்பிடித்தான்.

"ஹாலிஸ் போன்ல கூப்பிட்டுப் பாத்தேன். கெய்லா எடுக்க மாட்டேங்கறா. அவங்க அம்மா பேசுறாங்க." மூக்கை உறிஞ்சினான். "நீ தப்பா நெனைக்காத, அண்ணே. ஒம் பொண்ணுக்காக நீ நின்னே. என்னால முடிஞ்சிருந்தா பொறக்கப்போற எம் பொண்ணுக்காக நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

சொல்லிவிட வேண்டும் என்று கார்னெலுக்கு வாய்வரை வந்தது. அவமானத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. டாரியஸின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். பை கனமாக இருக்கும்போல, தோளில் போட்டதும் டாரியஸ் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தான்.

டாரியஸின் கார் கண்ணிலிருந்து மறைவதற்குள் பயிற்சியாளர் கார்னெலின் தோளைத் தொட்டார்.

"நெட்டையன் நாளைக்குத்தான் வருவான். டாரியஸும் இல்ல. இன்னிக்கு ராத்திரி மேட்ச்ல மொத ஐவர்ல நீதான். முப்பத்தஞ்சு நிமிஷம் ஆடணும். முடியுமில்ல?"

கார்னெல் இடது காலிலிருந்து வலது காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டான்.

"முடியும்" என்றான்.