ஒரு சொட்டும் விழாத கூரை

கூரை மடக்கும் வண்டியை வீட்டிலேயே வைத்துச் சீர்படுத்துவது, நன்றாக இருக்கிற மனுஷன் தானாகத் தேடிக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமைத் தொழில். மற்ற நாட்களில் நான் நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன். தகரக் கூரை போட்ட நல்ல காரை விற்றுவிட்டு, கான்வாஸ் படுதா போட்ட பழைய ஜீப்பை ஆசைப்பட்டு வாங்கினேன். இந்தத் தொழிலில் எனக்கு ஒரே வாடிக்கையாளர், என் மனைவி சுபா. என்னைப் போல் ஜீப் வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வார் மாட்டும் வைபவம்

வண்டியோடு வந்த படுதாவில் தோல் வார்களும் பக்கிள்களும் இருந்தன. வெயிலில் பார்க்க அழகுதான். ஆனால் நம் மாவட்டத்து மழை சொல்லிவிட்டா வருகிறது? குழித்துறையில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் புறப்பட்ட முதல் ஞாயிறே, தக்கலை தாண்டியதும் பிடித்துக்கொண்டது. இறங்கி, கம்பிகளை நிமிர்த்தி, படுதாவை இழுத்து, ஒவ்வொரு வாராக மாட்டினேன். சுபா கைப்பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே நனைந்தாள். கடைசி பக்கிளை மாட்டி நான் நிமிர்ந்தபோது, டீக்கடையில் ஒதுங்கி நின்ற ஒருவர் உரக்கச் சொன்னார்: "அண்ணே, மழ விட்டாச்சு. இனி அவுத்துப் போடுங்க."

கடல் சாமான்

அன்றோடு சுபா பஸ்ஸுக்கு மாறினாள். ஒரு சொட்டுகூட உள்ளே விழாது என்று காட்டினால்தான் இனி ஜீப்பில் ஏறுவாளாம். ஞாயிறுதோறும் அம்மா வீட்டுக்கு அவள் பஸ்ஸில் முன்னால் போக, நான் பக்கத்து சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு பின்னாலேயே ஜீப்பில் போவேன். நண்பர்களே, சிரிக்காதீர்கள், எனக்கு அது நிஜமாகவே வலித்தது.

வார்களைக் கழற்றிவிட்டு, ஒரே அமுக்கில் பூட்டிக்கொள்ளும் கொக்கிகள் போட முடிவு செய்தேன். சாதாரண இரும்பு இந்தக் கடல்காற்றில் துருப்பிடித்துவிடும் என்பதால், துருப்பிடிக்காத கொக்கி தேடி, குளச்சலில் படகுச் சாமான் விற்கும் அசனார் காக்கா கடைக்குப் போனேன். வள்ளம் எத்தனை அடி என்று கேட்டார். வள்ளம் இல்லை, ஜீப், மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொக்கிகளைப் பொட்டலம் கட்டியபடியே சொன்னார்: "பேசாம ஒரு வள்ளமே வாங்கிப் போடும். அதுல தண்ணி வந்தா கோரி வெளிய ஊத்தலாம்."

தானாகத் திறக்கும் அதிசயம்

கொக்கிகள் பிரமாதமாகப் பூட்டின. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கார் டிக்கியைத் தூக்கி நிறுத்துகிற கேஸ் ராடு இரண்டை வாங்கிக் கம்பிச் சட்டத்தில் பொருத்தினால், கூரை தானாகவே எழுந்து பின்னால் போய்விடுமே என்று தோன்றியது. பொருத்தினேன். எந்தப் பெரிய வண்டிக்குச் செய்த ராடோ தெரியவில்லை. கொக்கியை விடுவித்ததும் கூரை துள்ளி எழுந்து, பக்கத்து வீட்டு ராஜம் டீச்சர் கட்டியிருந்த கொடியில் மாட்டி, சேலை, தலையணை உறை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பின்சீட்டில் போய்ப் படுத்தது. டீச்சர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். கோபமே படாமல் சொன்னார்: "சார், துணி இன்னும் காயல்ல. காஞ்ச பெறவு நானே எடுத்துக்கிடுவேன்."

மரத்துக்குப் பூசும் பசை

ராடைச் சின்னதாக மாற்றினேன். இனி முன்பக்கக் கண்ணாடிச் சட்டத்தின் மேல் ஓரத்தில் மட்டும் ஒரு கசிவு பாக்கி. அதற்கு வழி சொன்னது, குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் மச்சினன் ராஜேஷ். மழைக்காலத்தில் ரப்பர் மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி, இடுக்கில் கறுப்பாக ஒரு பசை பூசுவார்கள் அல்லவா, அதில் ஒரு டப்பா கொண்டுவந்தான். "அத்தான், ரப்பர் பாலு வடியுற சிரட்டையில ஒரு சொட்டு மழத்தண்ணி விழாது" என்றான். லேசாகப் பூசச் சொன்னான். நான் தாராளமாகவே பூசி, படுதாவை இழுத்துப் பூட்டினேன்.

அடுத்த ஞாயிறு குழித்துறையில் சுபாவின் சித்தி மகளுக்குக் கல்யாணம். இன்று காட்டுகிறேன் என்று நான் கெஞ்சியதில், பட்டுச்சேலையோடு, கையில் குடையோடு, சுபா நம்பிக்கை இல்லாமல் ஏறினாள். மார்த்தாண்டத்தில் மழை கொட்டித் தீர்த்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. சுபா குடையைக் காலடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழைத்தண்ணீர் என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை.

குழித்துறைப் பாலத்தில் வெயில் வந்தது. "ஆத்துக் காத்து நல்லா வருது. படுதாவத் தொறங்க, மண்டபத்துல எல்லாரும் பாக்கட்டு" என்றாள். ஓரமாக நிறுத்திக் கொக்கியை விடுவித்தேன். கூரை அசையவில்லை. தள்ளினேன், தொங்கினேன். அப்படியே ஓட்டிப்போய் நிறுத்திய மண்டபத்து வாசலில் அவளுடைய சொந்தக்காரர்கள் கூடிக் கைகொடுத்தும், பசை பிடித்த பிடியை விடவில்லை. சுபா அண்ணாந்து பார்த்துவிட்டு, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே எல்லார் முன்னாலும் கேட்டாள்: "தொறக்காத கூரதான் வேணும்னா, வித்த காருக்கு என்ன கொறச்சலு?"

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அவள் பஸ் ஏறவில்லை என்பதால், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் அந்தப் பசை விட்டுவிடும் என்று மச்சினன் என் காதில் சொன்னதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.