எனக்கு முட்டி கொடுத்த வீடு

சகோதரிகளே, என் பயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு அம்மன் செய்ததை மட்டும் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

நான் ஊத்தங்கரைப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். வண்டிப் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முழுக்க நின்றுதான் பார்க்க வேண்டும். போன ஆடி மாத மழையில் கம்பெனி பஸ் படியில் வழுக்கி, வலது முட்டி தரையில் மோத விழுந்தேன். வீக்கம் வடிந்தது, வலி போகவில்லை. நடக்கும்போதே முட்டி மாட்டிக்கொள்ளும். மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. பாத்ரூம் போகக்கூட என் வீட்டுக்காரர் தோளைப் பிடிக்க வேண்டிய நிலை. இந்த வயதிலேயே முடங்கிவிடுவேனோ என்று தினமும் அழுதேன்.

பெங்களூரில் தமிழ் தெரிந்த ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். மூட்டுக்குள் எலும்பை மூடியிருக்கும் குருத்தெலும்பு பெயர்ந்து குழி விழுந்திருக்கிறது என்றார். முதலில் என் ரத்தத்தையே எடுத்து, அதில் காயத்தை ஆற்றி வளர்க்கும் சத்தை மட்டும் பிரித்து முட்டிக்குள் ஊசி போட்டார். எனக்கு ஊசி என்றாலே பயம். கண்ணை மூடிக்கொண்டு அம்மன் பேரையே சொன்னேன். கொஞ்ச நாள் வலி குறைந்தது. தை பிறக்கும்போது பழையபடி ஆகிவிட்டது.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

“குழி பெருசும்மா. உள்ள எலும்பும் சேதமாயிருக்கு. இறந்தவங்க தானமா குடுத்த குருத்தெலும்ப, எலும்போட சேத்து உங்க அளவுக்கு வெட்டி வெச்சுடலாம். ஆனா அது புதுசா இருக்கணும், அளவும் பொருந்தணும். கெடைச்சா போன் பண்றோம்.”

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். “அம்மா, சீக்கிரம் கெடைக்கணும்.” தினமும் அதே வேண்டுதல்.

எங்கள் வீடு கிருஷ்ணகிரி ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஒருநாள் மத்தியானம் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போனது. உடனே என் கை போனைத் தேடியது. அப்புறம்தான் உறைத்தது, நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று. யாரோ ஒருவர் சாக வேண்டும் என்றா இத்தனை நாளும் கேட்டேன்? அம்மன், கேட்டதைக் கொடுக்கிறவள் ஆயிற்றே. பயத்தில் விளக்குப் பக்கமே போக முடியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். “நீ கேட்டாலும் கேக்காட்டியும் நடக்கறது நடக்கும், விடு” என்றார். என் மனசு ஆறவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வேண்டுதலை மாற்றினேன். “எனக்காக யாரையும் எடுக்காத தாயே. எந்த வீட்லயாவது அது நடந்துதான் தீரும்னா, அந்த வீட்டுக்காரங்களுக்குத் தாங்கற தைரியத்தக் குடு. என் முட்டி எப்படியோ போவட்டும்.” சொல்லும்போதே, அம்மன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு என் காலை விட்டுவிடுவாளோ என்றும் பயம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

மாசியில் போன் வந்தது. எடுக்கக் கை வரவில்லை. வீட்டுக்காரர்தான் எடுத்தார். உடனே பெங்களூருக்குக் கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், “யாருங்க சார் அவங்க?” என்று கேட்டேன்.

“பேர் சொல்லக் கூடாதும்மா” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணு மட்டும் சொல்றேன். யாரும் போய்க் கேக்கல. அவங்க வீட்ல உள்ளவங்களே கூப்பிட்டு, எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்களாம்” என்றார்.

நான் கேட்ட தைரியம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே வாய்விட்டு அழுதேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு காலை ஊன்றாமல் பல வாரம் கிடந்தேன். மெல்ல மெல்லத்தான் ஊன்றினேன். இப்போது கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கோயிலுக்கு என் காலாலேயே நடந்து போகிறேன். படி இறங்கும்போது இன்னும் கைப்பிடியை விடுவதில்லை. நானும் வீட்டுக்காரரும் எங்களுக்குப் பிறகு எங்கள் உறுப்புகளை எடுத்துக்கொள்ளச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

போன வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். பூசாரி பேரும் நட்சத்திரமும் கேட்டார். “தெரியாதுங்க சாமி. எனக்கு முட்டி குடுத்த வீடு” என்றேன். அவர் அதையே சொல்லி அர்ச்சனை செய்தார்.

பயமாக இருந்தாலும் அம்மனிடம் கேளுங்கள், சகோதரிகளே. அவளுக்குக் காது இருக்கிறது. கேட்கும்போது, உங்களுக்குக் கொடுக்கப் போகிற வீட்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.