பொன்ஸ்மோன்

மகளின் கலியாணத்துக்கு முதல்நாள் ஹரோவில் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. பாரிஸிலிருந்து அக்கா தன் மகளோடு வந்திருந்தாள். ஜெர்மனியிலிருந்து அண்ணை வந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டில் வளர்ந்த நாங்கள் மூவரும் இளவயதிலேயே மூன்று நாடுகளுக்குப் பிரிந்து போனவர்கள்.

அக்காவின் மகள் கலியாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பைப் போட்டு, படியில் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"சித்தி, பொன்ஸ்மோன் இருக்கோ?"

கலியாண வீட்டில் 'பொன்' என்று காதில் விழுந்தால் வேறு என்ன தோன்றும்?

"நகையெல்லாம் மேல அலுமாரிக்குள்ள இருக்குது, பிள்ளை. உனக்கு எது வேணும்?"

அவள் முழித்தாள். பிறகு காலைத் தூக்கிக் காட்டினாள். செருப்பு கடித்து, குதிக்காலில் தோல் உரிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, பிளாஸ்டரா!" என்றேன்.

"எங்கட ஊரில ஃப்ளாஸ்டர்" என்றார் கதிரையில் இருந்த அண்ணை. எங்கட ஊர் என்று அவர் சொன்னது ஜெர்மனியை. "நான் போன புதுசில தெருவுக்குக் கல்லுப் பதிக்கிற வேலை. ஒருநாள் முதலாளி குனிஞ்சு நிண்டு 'ஃப்ளாஸ்டர், ஃப்ளாஸ்டர்' எண்டு கத்தினான். கையை வெட்டிப்போட்டான் எண்டு பயந்து, ஓடிப்போய் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தன். அவன் காட்டினது நான் கோணலாப் பதிச்ச கல்லை. கல்லுத் தரைக்கும் அவங்களுக்கு அதே சொல்லுத்தான்."

அக்காவின் மகள் வலியை மறந்து சிரித்தாள். "அப்ப தெருவுக்கே காயம், மாமா!"

எனக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. சுவருக்குப் பூசுவதையும் இங்கே ஆங்கிலத்தில் பிளாஸ்டர் என்றுதானே சொல்கிறோம்? போனில் தேடிப் பார்த்தேன். கிரேக்கத்தில் 'மேலே பூசுவது' என்ற பொருளில் தொடங்கிய சொல்லாம். அந்தக் காலத்தில் மருந்தைத் துணியில் பூசிக் காயத்தில் ஒட்டுவார்களாம். பூச்சு சுவருக்குப் போய், தெருவுக்கும் போயிருக்கிறது.

"பொன்ஸ்மோனும் அதுதானோ?" என்று கேட்டேன்.

"இல்லை, அது வேற" என்றாள் அக்கா. பாரிஸில் அவளுடைய முதல் வேலை ஆஸ்பத்திரியில் துப்புரவு. பிரெஞ்சைக் காதால் கேட்டே பழகியவள். "பொன்சே எண்டா மருந்து கட்டுறது. அதிலயிருந்து வந்ததுதான் பொன்ஸ்மோன். யோசிக்கிறதுக்கும் பொன்சேதான். அங்க ஒரு நேர்ஸ் 'காயத்துக்குப் பொன்சே பண்ணவேணும்' எண்டு சொல்லேக்க, இவ ஏன் நிண்டு யோசிக்கப்போறா, கட்ட வேண்டியதுதானே எண்டு நினைப்பன். பிறகுதான் எழுத்து வேற எண்டு தெரிஞ்சுது."

அதையும் தேடினேன். முன்பு இரண்டும் ஒரே சொல்தான். ஒருவரை நினைப்பது, பிறகு அவரைக் கவனிப்பது, பிறகு அவருடைய காயத்துக்கு மருந்து கட்டுவது என்று பொருள் நகர்ந்திருக்கிறது. அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நான் விளங்கிக்கொண்டதும் முழுக்கப் பிழையில்லை" என்றாள்.

"அம்மா, இரத்தம் வருது" என்றாள் மகள்.

எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டரும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருப்பவர் மதுரைக்காரர், டாக்டர். விஷயத்தைச் சொன்னேன்.

"பிளாஸ்திரிதானே? இருங்க, எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

பிளாஸ்திரி! அந்தத் 'திரி' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியலையே. எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான் சொல்வோம்" என்று பெட்டியோடு கையில் தந்தார். இன்னமும் எனக்கு அதற்கு விடை கிடைக்கவில்லை.

அக்கா தரையில் அமர்ந்து, மகளின் காலை மடியில் வைத்து, காயத்தைத் துடைத்து ஒட்டிவிட்டாள். அடுத்த நாள் பிள்ளை பட்டுச்சேலைக்குக் கீழே வெள்ளை ஸ்னீக்கர்ஸோடு மண்டபத்துக்கு வந்தாள். அக்கா முறைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் கவனிக்கவில்லை.