இரண்டு தட்டு

கோபித்துக்கொள்ளாதீர்கள். வாழைக்குலை ஏற்றி முடித்ததும் வண்டியின் பக்கப் பலகையில் டொக் டொக்கென்று இரண்டு தட்டுத் தட்டி “போலாம்ணே” என்று சொல்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதற்குப் போய் என் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்து அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவள் கெட்ட குணக்காரி அல்ல, ஸ்டெல்லாவைத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நாகர்கோவில் சந்தை போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது ஆகும், அதற்குள் சொல்லிவிடுகிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் இறங்கின பிறகு சிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பேய், ஆவி, செத்தவர்கள் வந்து நிற்பது, இதிலெல்லாம் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஆரல்வாய்மொழி காற்றில் ராத்திரி டிரிப் ஓட்டியிருக்கிறேன், அங்கே ஒரு முள்மரம் ஆடினால்கூடக் கண்டக்டர்மார் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் வண்டியை நிறுத்தி, லைட்டை நேராக அடித்து, “லேய், நல்லாப் பாரு, பிளாஸ்டிக் கவரு” என்று காட்டியிருக்கிறேன். என் மாமியார் செத்துப்போன தன் தங்கச்சி வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள் என்றபோது, ராத்திரி மரச்சீனிக் கிழங்கு கொஞ்சம் கூடுதலாகத் தின்றிருப்பீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னவன். அந்த வாயைத்தான் இப்போது திறக்கிறேன், அதனால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இந்த பிக்கப் என் மகன் சஜின் வாங்கியது. வாங்கும்போது இதை வண்டி என்று சொல்ல முடியாது, ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்த இரும்பு. “இதுக்கு நீ ரெண்டு ஆடு வாங்கியிருக்கலாமே மக்கா” என்றேன். அவன் சிரித்தான். மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான், சாயங்காலம் வந்து குளித்து, சாயா குடித்து, நேராக வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் போய் வண்டியடியில் படுத்துவிடுவான். துருப்பிடித்த தரையை வெட்டிப் புதுத் தகடு வைத்தான், எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கட்டினான். கடைசியாக கியர் பாக்ஸ். இதில் இருந்தது நாலு கியர் பாக்ஸ், அதைத் தூக்கிப்போட்டு அஞ்சு கியர் வைக்க வேண்டும் என்று களியக்காவிளைப் பக்கம் பழைய சாமான் கடையெல்லாம் அலைந்து ஒன்று வாங்கிவந்தான். “அப்பா, நாலாவதுல போட்டு ஹைவேயில விட்டா வண்டி கெடந்து அலறும். அஞ்சாவது இருந்தா பாட்டுப் பாடிட்டுல்லா போவும்” என்றான்.

பழைய பாக்ஸை இறக்கும்போது நான்தான் கையாள். எனக்கு கியர் போடத் தெரியும், அது எங்கே போய் விழுகிறது என்பது தெரியாது, அதனால் சின்ன வேலைதான் கொடுத்தான். அவன் கீழே படுத்திருப்பான், நான் முன்னால் குனிந்து எஞ்சினின் கிராங்க் புல்லி நட்டில் பெரிய ஸ்பேனரை மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற உள்ளே கிளட்ச் இருக்கும் சக்கரம் திரும்பும், அவனுக்கு வேண்டிய போல்ட் கைக்கு எட்டும் இடத்துக்கு வரும். ஆனால் பஸ் எஞ்சின் பக்கத்திலேயே இருந்து இருந்து எனக்குக் காது கொஞ்சம் மந்தம், குனிந்து சுற்றும்போது வண்டியடியிலிருந்து வரும் பேச்சு பிடிபடாது. அவன் அடியிலிருந்து போதும் போதும் என்று கத்துவான், நான் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருப்பேன். கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். போதும் என்றால் சேஸிஸில், வண்டியின் அடிச்சட்டத்தில், இரண்டு தட்டு. டொக் டொக். அந்தச் சத்தம் இரும்பு வழியாக ஸ்பேனருக்கு வந்து என் உள்ளங்கையில் இறங்கும், உடனே நிறுத்திவிடுவேன். “காது கேக்காட்டியும் கை கேக்குதுல்லா அப்பாக்கு” என்று கீழே கிடந்து சிரிப்பான்.

புது பாக்ஸ் உட்கார்வதற்குச் சட்டத்தை நகர்த்தி வெல்டிங் வைத்தான். பின்சக்கரத்துக்குப் போகிற தண்டை நீளம் குறைத்தான். புது கிளட்ச் பிளேட்டும் போட்டான். பாக்ஸைத் தூக்கி மாட்டுவது ஒன்றுதான் பாக்கி, அது ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த வாரம் பெரிய மழை. பட்டறைக்குப் பின்னால் தண்ணீர் கட்டிவிட்டது என்று இறங்கி ஓடையின் அடைப்பைக் குத்திவிட்டிருக்கிறான், காலில் ஏற்கெனவே கீறல் இருந்திருக்கிறது. காய்ச்சல் வந்தது. மழைக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டோம். கண் மஞ்சளித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், எலிக்காய்ச்சல் என்றார்கள். அவன் திரும்பி வரவில்லை. இருபத்தேழு வயது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவனுடைய கூட்டுக்காரப் பையன்கள் தெரு முக்கில் கண்ணீர் அஞ்சலி என்று பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள், கூலிங் கிளாஸ் போட்ட படம். காற்றில் கட்டு அவிழ்ந்ததும் சுருட்டி எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். அதை என்ன செய்வது சொல்லுங்கள், கிழிக்க முடியுமா, எரிக்க முடியுமா. ஸ்டெல்லா அதைக் கொண்டுபோய் வண்டியைப் போர்த்தினாள், படம் உள்பக்கமாக இருக்கும்படி. பிறகு அதுவே அவளுக்குத் தொந்தரவாகிவிட்டது.

“கேட்டியளா, காத்து அடிக்கும்போ அந்த ஃப்ளெக்ஸ் படபடன்னு அடிக்கு. எம்பிள்ள உள்ள கெடந்து தட்டுக மாரி இருக்கு. அந்த வண்டியத் தூக்கிக் குடுத்திருங்க. என்னால பாத்துட்டு இருக்க முடியல்ல.”

நான் முடியாது என்றேன். பெரிய சண்டை. அவன் பிறந்ததிலிருந்து நாங்கள் அப்படிச் சண்டை போட்டதில்லை. அவள் யாரிடமோ சொல்லிப் பழைய இரும்பு எடுக்கிற ஆளைத் திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லிவிட்டாள். கடைசியில் நான் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் இந்த வண்டி தன் சக்கரத்தில் ஷெட்டை விட்டு வெளியே வந்தால் இங்கே இருக்கட்டும், இல்லையென்றால் கொண்டுபோகட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

ஞாயிறு காலை கோயில் மணி அடித்தது. அவள் குடையும் பைபிளுமாகக் கிளம்பினாள். எனக்கும் கடவுளுக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை, நான் போகவில்லை. எங்கள் தெருவில் அந்த நேரத்தில் ஒரு ஈ காக்காகூட இருக்காது, எல்லோரும் ஆராதனையில். சஜினின் கூட்டுக்காரன் ஒருவன் ஆராதனை முடிந்து வந்து கைகொடுப்பதாகச் சொல்லியிருந்தான், எனக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. ஃப்ளெக்ஸை விலக்கினேன். படத்தைப் பார்க்காமலேதான் மடித்து வைத்தேன்.

பாக்ஸை ஒரு பலகையில் கட்டி, ஜாக்கி மேல் வைத்து, நெஞ்சுக்கு மேலாக அங்குலம் அங்குலமாக உயர்த்தினேன். கியரை டாப்பில் போட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று அவன் பேசிக் கேட்டிருந்தேன், அதையும் செய்தேன். பாக்ஸின் முன்னால் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதில் பல் பல்லாக இருக்கும், அது கிளட்ச் பிளேட்டின் நடு ஓட்டையில் இருக்கும் பல்லோடு பொருந்தினால்தான் உள்ளே போகும். பொருந்தவில்லை. தள்ளினேன், ஆட்டினேன், பெரிய ஸ்பேனரைக் கொடுத்து நெம்பினேன், கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். இரண்டு விரல் இடைவெளி அப்படியே நின்றது. முன்னால் ஒரு ஆள் இருந்து எஞ்சினை ஒரு மயிரிழை திருப்பிவிட்டால் போதும், உட்கார்ந்துவிடும். அந்த ஒரு ஆள்தான் இல்லை. கோயில் மைக்கில் பாட்டுக் கேட்டது. நான் அந்த எண்ணெய்க்குள் கிடந்து அழுதேன், சத்தம் போட்டே அழுதேன், யார் இருக்கிறார்கள் கேட்க. அழுதுகொண்டே என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

“கொஞ்சம் திருப்பு மக்கா.”

திரும்பியது.

சத்தியமாகச் சொல்கிறேன், எஞ்சின் திரும்பியது. முன்னால் உஸ்ஸென்று ஒரு காற்றுச் சத்தம், கையால் சுற்றும்போது சிலிண்டரில் அடைபட்ட காற்று கசியுமே, அந்தச் சத்தம். பல் பல்லோடு சேர்ந்தது, பாக்ஸ் வழுக்கிக்கொண்டு போய்க் களுக்கென்று உட்கார்ந்தது. அவ்வளவுதான், வேலை முடிந்தது. ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. கியர் டாப்பில் கிடந்ததால் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பின் தண்டின் முனை என் முகத்துக்கு நேராக இருந்தது, அதில் சஜின் மஞ்சள் பெயின்டால் ஒரு புள்ளி வைத்திருந்தான், அந்தப் புள்ளி மெதுவாக மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மறுபடியும் வந்தது. உஸ். மறுபடியும் ஏறியது. உஸ். அவசரமில்லாமல், சொன்ன வேலையைச் செய்கிற மாதிரி.

எனக்குப் பயமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். ஏன் நிற்கவில்லை என்று கிடந்து யோசித்தேன், பிறகு புரிந்தது. நான் இன்னும் தட்டவில்லை. கீழே கிடக்கிற ஆள் தட்டினால்தானே மேலே இருக்கிற ஆள் நிறுத்துவான்.

நான் தட்டவில்லை. எப்படித் தட்டுவேன்? பாக்ஸில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கிடந்தேன், இரும்பு வழியாக அந்தச் சுற்று கையில் இறங்கியது. அவனோடு என்னவெல்லாமோ பேச வேண்டும் என்று இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறாயா என்று கேட்டேனா, மனதுக்குள் நினைத்தேனா, அதுகூட இப்போது சரியாக ஞாபகம் இல்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று கேட்டால் தெரியாது. மைக்கில் பாட்டு நின்று ஜெபம் முடிந்திருந்தது. வாழ்நாள் முழுக்க அப்படியே கிடந்திருப்பேன்.

வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. “கேட்டியளா, எங்க இருக்கிய? ஒண்ணும் தின்னல்லியா?” ஸ்டெல்லாவின் குரல். செருப்புச் சத்தம் ஷெட்டுப் பக்கமாக வந்தது. அவள் நேராக வண்டியின் முன்பக்கம்தான் வருவாள். அங்கே அவள் அவனைப் பார்த்துவிட்டால் என்ன ஆவாள், யாரையும் பார்க்காவிட்டால் நான் என்ன ஆவேன், இந்த இரண்டில் எது என்னைப் பிடித்து ஆட்டியது என்று இன்றுவரை தெரியாது. கை தானாகப் பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்துச் சேஸிஸில் தட்டிவிட்டது.

டொக் டொக்.

மஞ்சள் புள்ளி உடனே நின்றது.

ஸ்டெல்லா குனிந்து பார்த்து, “மாட்டியாச்சா?” என்றாள். ஆமாம் என்றேன். முகமெல்லாம் எண்ணெய், அழுதது அவளுக்குத் தெரியவில்லை. கூட்டுக்காரன் வந்து போல்ட் எல்லாம் முறுக்கிக் கொடுத்தான், சாயங்காலம் வண்டி வெளியே வந்தது. அவள் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து சேலைத் தலைப்பால் டேஷ்போர்டைத் துடைத்தாள். திங்கட்கிழமை வந்த ஆளை அவளே திருப்பி அனுப்பினாள்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும், யாராவது பையன் வந்து சுற்றியிருப்பான் என்பீர்கள். புல்லி நட்டைச் சுற்ற எங்கள் வீட்டில் அந்த அளவில் இருந்தது ஒரே ஸ்பேனர். அது நெம்புவதற்காக என்னோடு கீழே கிடந்தது. அதால்தான் தட்டினேன். பேட்டரியும் அந்த நேரம் வண்டியில் இல்லை, சார்ஜுக்குக் கொடுத்திருந்தோம், பிறகு கூட்டுக்காரன்தான் எடுத்துக்கொண்டு வந்தான். வேறு யாருக்கோ நடந்த மாதிரி ஒரு பட்டறைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். “ஸ்பேனர் போடாம டீசல் எஞ்சின் எங்கண்ணே சுத்தும், கேக்கவனுக்குப் புத்தி வேண்டாமா” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்டெல்லாவிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருந்தாள், என்னமோ தோன்றி நடந்ததைச் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன், இல்லையென்றால் இவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று என் மச்சினனைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எதுக்குத் தட்டினிய?” என்று கேட்டாள்.

கை ஓய்ந்துவிட்டது என்று சொன்னேன். அவள் கூப்பிட்டதால்தான் தட்டினேன் என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து அந்த வண்டியில் யார் தட்டினாலும் அவளுக்குத் தாங்காது, இன்று உங்களிடம் கத்தியதும் அதற்குத்தான். சில நாள் நான் ஓட்டம் முடிந்து வந்து வண்டியை ஷெட்டில் விட்டுக் குளிக்கப் போனால், அவள் போய்ப் பம்பரில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். “கொஞ்சம் திருப்பு மக்கா” என்று அவள் சொல்வதைப் பின்னால் நின்று நானே கேட்டிருக்கிறேன். இதுவரை ஒன்றும் திரும்பவில்லை.

சந்தை வந்துவிட்டது. குலையை இறக்குங்கள். திரும்பி வரும்போது அவளிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள், அவள் கூப்பிட்டதால்தான் நான் தட்டினேன் என்பதை மட்டும் தயவுசெய்து வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.