தண்ணீர் ஊற்றாத கல்

பாலாற்றில் பொறுக்கிய கூழாங்கற்களை அறுத்து, உள்ளே ஓடும் வரிகளைப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஓய்வு பெற்றதும் கல் அறுக்கும் சின்ன மெஷின் ஒன்று வாங்கினேன். இது உனக்குத் தேவையா என்றார் கணவர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முதல் கல்லை வைத்தபோது மெஷின் தொட்டியில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். கல் அலறியது. கருகிய வாசனையோடு வெள்ளைப் புழுதி எழுந்தது.

அது அத்தாவின் வாசனை. இறந்தவர்களை அடக்கிய கப்ருகளில் நடும் மீசான் கற்களை அவர் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் அறுப்பார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சொம்பால் பிளேடின்மேல் தண்ணீர் விடுவாள். "ஊத்திக்கினே இரு மெஹரு" என்பார் அத்தா, தலையைத் தூக்காமல்.

அம்மாவுக்கான மீசான் கல்லையும் அவர்தான் அறுத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பாதி அறுத்தபோது, அதேபோல் தலையைத் தூக்காமல், "ஊத்து மெஹரு" என்றார்.

சொம்பு நிறையத் தண்ணீர் என் காலடியில் இருந்தது. நான் ஊற்றவில்லை. ஊற்றினால் நிமிர்ந்து பார்ப்பார், அங்கே அம்மா இல்லாதது தெரிந்துவிடும் என்று பயந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. புழுதியில் அவர் முகம் மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதன்பிறகு எல்லாக் கல்லையும் தண்ணீர் இல்லாமலே அறுத்தார். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்.

இப்போது ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து பிளேடின்மேல் ஊற்றினேன். அலறல் அடங்கியது.

"யார்கிட்டமா பேசிக்கினு இருக்கே?" என்று உள்ளேயிருந்து கணவர் கேட்டார்.

"ஊத்திட்டேன் அத்தா, ஊத்திட்டேன்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே கேட்டது.